ஜி.எஸ்.டி. சாலையும் பேருந்தின் முன்ஷோவும்

பேருந்தின் முன்கண்ணாடிக்குக் கீழே, பம்பருக்கு மேலே இருக்கும் தகட்டு முகப்பைப் பட்டறைக்காரர்கள் முன்ஷோ என்கிறார்கள். இரு ஓரங்களிலும் ஹெட்லைட்டுகள், நடுவில் காற்று நுழைவதற்கான பட்டைகளோ கம்பி வலையோ கொண்ட ஜாலி, அதன் மேல் வண்டி கம்பெனியின் எழுத்து அல்லது முதலாளியின் பெயர், இவ்வளவும் சேர்ந்ததுதான் ஷோ. அதற்குப் பின்னால் ரேடியேட்டரும் காற்றாடியும் இருக்கின்றன. எரிபொருளில் பிறக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வழியாகவே வெளியேறியாக வேண்டும். அந்தத் தண்ணீரைக் குளிர்விக்கும் காற்று முழுவதும் ஜாலியின் இடைவெளிகளில்தான் நுழைகிறது. எதிரே தெறிக்கும் கல்லும் வைக்கோலும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் படாமல் தடுப்பதும் அதன் வேலைதான். இந்த இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இடைவெளி பெரிதானால் காற்று நன்றாக வரும், கல்லும் வரும். சிறிதானால் கல் நிற்கும், எஞ்சின் கொதிக்கும்.

தமிழ்நாட்டில் இந்த உறுப்பை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலும் மோட்டார் தொழிற்சாலைகள் செய்யவில்லை. ஊர்ப் பட்டறைகளே செய்தன. தொழிற்சாலையிலிருந்து வந்தது எஞ்சினும் சட்டமும் மட்டும். வண்டியின் முகம் தச்சர், கொல்லர், டிங்கர் கைகளில் உருவானது. அதனால் முன்ஷோவின் வரலாற்றை எந்தக் கம்பெனியின் ஆவணத்திலும் முழுமையாகப் பார்க்க முடியாது. சாலையோரத்தில் நடந்த பழுது வேலையில்தான் அது இருக்கிறது. புதிய வடிவங்கள் பலவும் உடைந்த பழைய வடிவத்துக்கு மாற்று தேடியபோது பிறந்தவை.

சென்னையிலிருந்து தெற்கே போகும் கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலையில், அதாவது ஜி.எஸ்.டி. சாலையில், திண்டிவனமும் விழுப்புரமும் அடுத்தடுத்த பெரிய சந்திப்புகள். திண்டிவனத்தில் மேற்கே செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும், கிழக்கே மரக்காணத்துக்கும், தென்கிழக்கே புதுச்சேரிக்கும் வழி பிரிகிறது. விழுப்புரத்தில் புதுச்சேரி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை என்று மறுபடியும் கிளைகள். 1993 வரை இந்த வட்டாரம் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் விழுப்புரம் தனி மாவட்டமானது. பெரிய தொழிற்சாலைகள் இல்லாத இந்தப் பகுதியில் சாலையே தொழிலைக் கொண்டுவந்தது. வண்டி நிற்கும் இடத்தில் பஞ்சர் கடை, அதற்குப் பக்கத்தில் ரேடியேட்டர் கடை, அதையொட்டி வெல்டிங், டிங்கர், பெயிண்ட் என்று சந்திப்பு ஊர்களின் ஓரங்கள் நிரம்பின.

தென்னிந்தியாவில் மோட்டார் வண்டிக்குக் கூண்டு கட்டும் தொழில் குதிரை வண்டியிலிருந்து வந்தது. சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்சன் கம்பெனி கோச்சு வண்டிகள் கட்டிய நிறுவனம். மோட்டார் வந்ததும் அதே தச்சர்களும் கொல்லர்களும் மோட்டார் கூண்டு கட்டத் திரும்பினார்கள். மதுரை வட்டாரத்தில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் பேருந்து ஓட்டத் தொடங்கினார். 1920-இல் ஜி.டி. நாயுடு ஒற்றைப் பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழிலைத் தொடங்கினார். அந்தக் காலத்து வண்டிகளுக்கு முன்ஷோ கிடையாது. ரேடியேட்டரே முகம். ஃபோர்டு டி மாடலில் 1916 வரை பளபளக்கும் பித்தளை ரேடியேட்டர் நேராகச் சாலையைப் பார்த்து நின்றது. அந்த வண்டியில் தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்பும் இல்லை. சூடான நீர் தானாக மேலேறி, குளிர்ந்து, கீழிறங்கிச் சுற்றியது. சமவெளி வெயிலில் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடும்போது தண்ணீர் கொதித்து மூடி வழியாகப் பீறிடுவது அன்றாட நிகழ்ச்சி. கிணறோ குளமோ கண்ட இடத்தில் வண்டி நின்றது. மூடப்படாத ரேடியேட்டரில் கல் பட்டால் ஈயப்பற்று வைக்கத் தெரிந்த கன்னாரிடம்தான் போக வேண்டும். மோட்டாருக்கு முன்பே பித்தளைப் பாத்திரங்களுக்குப் பற்று வைத்த அந்தக் கைகள்தான் இந்த நாட்டின் முதல் ரேடியேட்டர் மெக்கானிக்குகள்.

1930-களில் அமெரிக்க வண்டிகளின் முகம் மாறியது. ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ், ஃபார்கோ என எல்லாமே ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு தகட்டு ஜாலியை வைத்தன. செங்குத்துப் பட்டைகள், படுக்கைப் பட்டைகள், நடுவில் கூர்மையாக நீளும் மூக்கு என்று வருடத்துக்கு ஒரு வடிவம் வந்தது. அமெரிக்காவில் விற்பனைக்காக நடந்த இந்த மாற்றம் இங்கே பழுது பார்ப்பவருக்குப் பெரிய தலைவலியாக முடிந்தது. ஒரு வருடத்து ஜாலி அடுத்த வருடத்து வண்டியில் பொருந்தாது. உடைந்த ஜாலிக்குப் புதியது வேண்டுமானால் கப்பலில் வர வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் அந்தக் கப்பல்களையும் நிறுத்தியது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததும் பேருந்துகள் கரியை எரித்து அதன் வாயுவில் ஓடின. சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். நிறுவனமே இதற்கான வாயுக் கலனை வடிவமைத்துத் தன் வண்டிகளில் பொருத்தியது, மற்றவர்களுக்கும் விற்றது. வண்டியில் கலனையும் வடிகட்டியையும் குளிர்குழாய்களையும் எங்கே தொங்கவிடுவது என்பது கூண்டு கட்டுபவரின் பொறுப்பு. உறுதியான இடம் தேடித் தகடு அறுத்து, பட்டை வளைத்து, போல்ட் போட்டு மாட்டும் பழக்கம் பட்டறைகளில் அப்போது வேரூன்றியது. போர் முடிந்ததும் ராணுவம் கழித்த லாரிகள் ஏலத்துக்கு வந்தன. கனடாவில் ஃபோர்டும் செவர்லேயும் ராணுவத்துக்காகக் கட்டிய லாரிகள் அவற்றில் உண்டு. தட்டையான மூக்கும் முரட்டுக் கம்பி வலையுமாக இருந்த அந்த வண்டிகள் கூண்டு மாறிச் சிவில் லாரிகளாகவும் பேருந்துகளாகவும் ஓடின. கம்பி வலையை எந்த வெல்டிங் பட்டறையும் பின்னித் தர முடியும் என்பது அவற்றின் பெரிய வசதி. அழகில்லாத அந்த வலைதான் பழுது வேலைக்கு மிக ஒத்துழைத்த முகப்பு. பின்னாளைய ஷோக்களின் நடுவில் சதுர வலை அடிக்கடி தலைகாட்டுகிறது.

அடுத்த திருப்பம் அரசின் முடிவால் வந்தது. 1953-இல் சுங்கவரி ஆணையம், உள்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்யும் திட்டம் உள்ள கம்பெனிகள் மட்டுமே இங்கே வண்டி செய்யலாம் என்று பரிந்துரைத்தது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி மட்டும் விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954-இல் இந்தியத் தொழிலை மூடின. சாலையில் ஓடிக்கொண்டிருந்த செவர்லேக்களும் ஃபோர்டுகளும் அதனால் நின்றுவிடவில்லை. இன்னும் இருபது ஆண்டுகள் ஓட வேண்டியிருந்தது. எஞ்சின் உறுப்புகளைச் சென்னை மவுண்ட் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடிப் பிடிக்கலாம். தகட்டு உறுப்புகள் அப்படிக் கிடைப்பதில்லை. மோதலில் முதலில் நசுங்குவது அவைதான். கழித்த வண்டியில் எஞ்சியிருப்பதும் நசுங்கியதாகத்தான் இருக்கும். முன்ஷோவைத் தகட்டில் அடித்து உருவாக்கும் கலை தமிழ்நாட்டில் செழித்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் சொல்ல முடியாது. டிங்கர் தொழிலாளி அதுவரை நெளிவெடுப்பவர். அதற்குப் பிறகு இல்லாத உறுப்பை உண்டாக்குபவரும் அவரே.

அதே காலத்தில் உள்நாட்டு வண்டிகள் வந்தன. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்ட் கம்பெனியோடு சேர்ந்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அதன் காமெட் வண்டிகள் தமிழகச் சாலைகளின் பழகிய உருவமாயின. வடக்கே ஜாம்ஷெட்பூரில் டாடா கம்பெனி 1954-இல் மெர்சிடிஸ் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்தது. 1969-இல் அந்தக் கூட்டு முடிந்ததும் முகப்பிலிருந்த மூன்று முனை நட்சத்திரம் போய் டாடாவின் எழுத்து வந்தது. மூக்கு நீண்ட வண்டிகளுக்கு பானெட்டும் ஜாலியும் கம்பெனியிலிருந்தே வந்தன. அந்த வண்டிகளில் பட்டறைக்கு இருந்தது பழுது வேலை மட்டும்.

நிலைமையைத் தலைகீழாக்கியது மூக்கில்லாத பேருந்து. எஞ்சினை ஓட்டுநருக்குப் பக்கத்தில், கூண்டுக்குள் வைத்துவிட்டால் அதே நீள வண்டியில் இன்னும் சில இருக்கைகள் கிடைக்கும். முதலாளிகளுக்கு அது லாபம். எஞ்சின், ரேடியேட்டர், ஸ்டியரிங், ஓட்டுநருக்கு ஒரு தற்காலிக இருக்கை ஆகியவற்றோடு வெறும் சேசிஸாக வண்டியை வாங்கி, கூண்டு முழுவதையும் வேறிடத்தில் கட்டும் முறை பரவியது. எண்ணூரிலிருந்து புறப்பட்ட வெறும் சேசிஸ்கள் ஜி.எஸ்.டி. சாலை வழியாகத் தெற்கே கூண்டு கட்டும் ஊர்களுக்குப் போயின. பேருந்துக் கூண்டுக்குக் கரூர், லாரிக் கூண்டுக்கு நாமக்கல்லும் திருச்செங்கோடும் பெயர் பெற்றவை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முன்னால் கண்ணாடியோ மேலே கூரையோ இல்லாமல், வெயிலிலும் தூசியிலும் சேசிஸ் ஓட்டிப்போகும் ஓட்டுநர்கள் திண்டிவனம், விழுப்புரம் டீக்கடைகளில் பழகிய காட்சி. முகம் இல்லாமல் தெற்கே போன வண்டி சில மாதங்களில் முகத்தோடு வடக்கே திரும்பியது. அந்த முகத்தைக் கம்பெனி பார்த்ததே இல்லை.

கூண்டு கட்டுபவருக்கு இப்போது முழுச் சுதந்திரம். கண்ணாடிக்குக் கீழே ஒரு பெரிய வெற்றுத் தகடு, அதில் காற்றுக்கு ஒரு வாசல். அந்த வாசலை எப்படி அமைப்பது என்பதில் ஒவ்வொரு பட்டறையும் தன் முத்திரையைப் பதித்தது. அலுமினியப் பட்டைகளை விசிறி போல விரித்தவர்கள் உண்டு. நடுவில் முதலாளியின் முதலெழுத்தை அறுத்து வைத்தவர்கள் உண்டு. ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் பேருந்து தூரத்தில் வரும்போதே ஷோவைப் பார்த்து அடையாளம் சொல்லும் பயணிகள் இருந்தார்கள். வழித்தடத்தில் போட்டி கடுமையாக இருந்த நாட்களில் அது வியாபாரத்துக்கும் உதவியது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றவும் காற்றாடி பெல்ட்டைப் பார்க்கவும் ஷோவின் நடுப்பகுதியைக் கீல் வைத்த கதவாக அமைத்தார்கள். இந்தக் கதவு தமிழ்நாட்டுப் பேருந்துக் கூண்டின் நல்ல சிந்தனைகளில் ஒன்று. முழு ஷோவையும் கழற்றாமல் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

பேருந்துத் தொழில் அரசின் கைக்கு வந்ததும் இந்தப் பலவகை குறையத் தொடங்கியது. 75 மைலுக்கு மேற்பட்ட வழித்தடங்களை அரசே நடத்துவது என்று 1967-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு முடிவெடுத்தது. 1971-இல் பெரிய பேருந்து முதலாளிகளின் வண்டிகளைக் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. 1972-இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் போக்குவரத்துக் கழகங்கள் தொடங்கின. 1975-இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் உருவானது. இந்தப் பெயர்கள் 1997-இல் நீக்கப்பட்டு, பெரும்பாலானவை தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயருக்கு மாறின. இன்று விழுப்புரம் கழகம் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, வேலூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் மண்டலங்களைக் கொண்டது. கழகங்கள் கூண்டு கட்டவும் புதுப்பிக்கவும் தங்களுக்கென்று பிரிவுகளை வைத்துக்கொண்டன. நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு ஒரே அளவு ஷோ. ஒன்று உடைந்தால் கிடங்கிலிருந்து இன்னொன்று. அலங்காரம் போனது உண்மை. ஆனால் டெப்போவில் இரவோடு இரவாக ஷோவை மாற்றிக் காலையில் முதல் சர்வீஸுக்கு வண்டியை அனுப்ப முடிந்ததும் அதே ஒரே அளவால்தான். கிராமத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை மட்டும் வரும் பேருந்தை நம்பியிருப்பவருக்கு அலங்காரத்தைவிட அது பெரிது.

பழுது வேலை கழற்றுவதில் தொடங்குகிறது. நல்ல மேஸ்திரி ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் அளவெடுப்பார். பம்பரிலிருந்து ஷோவின் அடிவிளிம்பு வரை இடம், வலம் இரண்டிலும் உயரம், இரு ஹெட்லைட்டுகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரம், மூலைக்கு மூலை குறுக்களவு. இவற்றைச் சாக்பீஸால் கண்ணாடியிலேயே எழுதிவைப்பது வழக்கம். துருப்பிடித்த போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு மறுநாள் தொடுவார்கள். அவசரப்பட்டுத் திருகினால் தலை முறிந்து, துளையைப் புதிதாகப் போட வேண்டிவரும். அதற்குப் பிறகு ஷோ பழைய இடத்தில் உட்காரவே உட்காராது.

கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது ஷோவை அல்ல, ரேடியேட்டரை. மோதலில் ஷோ பின்னுக்குப் போய் ரேடியேட்டரைத் தொட்டிருந்தால் தகடுகள் மடங்கியிருக்கும், அவற்றைச் சீப்பு போன்ற கருவியால் நிமிர்த்த வேண்டும். ஒழுக்கு இருந்தால் ரேடியேட்டர் தனியே பற்று வைக்கப் போகும். இதைப் பார்க்காமல் ஷோவை மட்டும் அழகாக்கி மாட்டினால், அடுத்த வாரமே முழுவதையும் மறுபடியும் கழற்ற நேரும்.

தகட்டில் நெளிவெடுப்பது பின்னால் டாலி என்னும் இரும்புத் துண்டைத் தாங்கிக்கொண்டு முன்னால் சுத்தியலால் தட்டும் வேலை. பள்ளத்தின் நடுவில் அடிக்கக் கூடாது. விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி உள்நோக்கி வர வேண்டும். ஒவ்வோர் அடியும் தகட்டைக் கொஞ்சம் நீட்டுகிறது. அளவுக்கு மீறி அடித்தால் தகடு நீண்டு, அழுத்தினால் டப் டப் என்று உள்ளும் வெளியும் துள்ளும். நீண்ட தகட்டைச் சுருக்க, சிறு புள்ளியளவு இடத்தை காஸ் சுடரில் சிவக்கச் சூடாக்கி ஈரத்துணியால் சட்டென்று குளிர்விப்பார்கள். இந்த ஒரு வேலையில்தான் பழகிய கையும் பழகாத கையும் உடனே தெரியும். பழகாத கை எல்லா மேடுபள்ளத்தையும் பட்டி பூசி மறைத்துவிடும். இரண்டு மழைக்காலம் போனதும் அந்தப் பட்டி துண்டு துண்டாக உதிரும்.

விரிசலுக்கு வெல்டிங் மட்டும் போதாது. விரிசல் முடியும் நுனியில் சிறு துளை போட வேண்டும். வட்டத் துளையில் அழுத்தம் பரவிவிடுவதால் விரிசல் அதற்கு மேல் நீளாது. பிறகு வெல்டிங் செய்து, பின்னால் ஒட்டுத் தகடு கொடுப்பார்கள். அலுமினியப் பட்டைகள் உள்ள ஷோவில் சிக்கல் வேறு. அலுமினியத்தையும் இரும்பையும் பட்டறையில் ஒன்றோடொன்று வெல்டிங் செய்ய முடியாது, ரிவிட் அடித்துத்தான் சேர்க்க வேண்டும். இரண்டு உலோகங்களும் ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெண்பொடியாக அரிக்கும். மரக்காணம் உப்பளங்களுக்கும் புதுச்சேரிக் கடற்கரைக்கும் ஓடும் வண்டிகளில் உப்புக் காற்று இந்த அரிப்பை வேகப்படுத்துகிறது. இரண்டுக்கும் நடுவில் ரப்பரோ கெட்டியான பெயிண்ட் பூச்சோ இருந்தால் அரிப்பு தள்ளிப்போகும். துரு முதலில் தாக்குவது ஷோவின் அடிமடிப்பை. மழைநீரும் சேறும் அங்கேதான் தேங்கும். மடிப்பில் இரண்டு மூன்று வடிகால் துளைகள் போட்டால் தகட்டின் ஆயுள் வெகுவாகக் கூடும்.

முழுதாக இல்லாமல் போன ஷோவை உருவாக்க அட்டை வெட்டு வேண்டும். பழைய ஷோவில் பாதியாவது நேராக இருந்தால் அந்தப் பாதியை அட்டையில் வரைந்து, திருப்பிப் போட்டு மறு பாதியைப் பெறலாம். இரண்டு பாதியும் நசுங்கியிருந்தால் அதே வகை வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து அளவெடுக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் கண்ணாடிச் சட்டத்தையும் பம்பரையும் ஹெட்லைட் உயரத்தையும் நிலைப்புள்ளிகளாக வைத்து மேஸ்திரியே வடிவத்தைத் தீர்மானிப்பார். வளைவுகளை மரக்கட்டையில் செதுக்கி அதன்மேல் தகட்டை அடித்து எடுப்பது பழைய முறை.

மாட்டுவதில்தான் அதிகம் தவறு நேர்கிறது. ஏணி போன்ற சேசிஸ் சட்டம் மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும்படி அமைந்தது. கூண்டு அந்த அளவுக்கு முறுகாது. ரேடியேட்டர் சேசிஸில் ரப்பர் தாங்கிகள்மேல் தனியாக ஆடுகிறது. ஷோவை ரேடியேட்டரோடு சேர்த்துப் பூட்டினால் சேசிஸின் ஒவ்வொரு முறுக்கலும் ரேடியேட்டரின் பற்றுகளைப் பிய்க்கும். ஆகவே ஷோ கூண்டின் முன்சட்டத்தில்தான் நிற்க வேண்டும். நான்கு மூலையிலும் இறுக்கிக் கட்டிவிட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் துளைகள் கிழியும். போல்ட்டுக்கு ரப்பர் வாஷர் போட்டு, துளையைச் சற்று நீளவாக்கில் அமைத்தால் ஷோ கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். எல்லா போல்ட்டையும் தளர்வாக நுழைத்து, முதலில் எழுதிவைத்த அளவுகளோடு ஒப்பிட்டு நேர்ப்படுத்தி, நடுவிலிருந்து குறுக்கும் மறுக்குமாக ஓரம் நோக்கி இறுக்குவது முறை. ஒரு ஓரத்தை முதலில் இறுக்கினால் மறு ஓரத் துளை பொருந்தாது, கடப்பாறையால் நெம்பி உட்காரவைக்க நேரும். அப்படி நெம்பி உட்காரவைத்த ஷோதான் ஆறு மாதத்தில் மூலையில் விரியும்.

ஷோவுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே ஓரங்களில் ரப்பரோ ஸ்பாஞ்சோ வைத்து அடைக்காவிட்டால், எஞ்சின் பக்கமிருந்து வரும் சூடான காற்று சுற்றிவந்து மறுபடியும் ரேடியேட்டருக்குள்ளேயே நுழையும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் விழுப்புரம் வெயிலில் டீக்கடை முன்பு எஞ்சினை அணைக்காமல் நிற்கும் பேருந்து கொதிப்பதற்கு இது ஒரு காரணம். வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஜாலியோ கதவுக் கொக்கியோ அதிர்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்கள்.

வண்டியின் முகம் என்பதால் வழிபாடும் அங்கேதான் நடக்கிறது. ஆயுத பூஜையன்று ஷோவில் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, இரு பக்கமும் வாழைக்கன்று. தகுதிச் சான்று (எஃப்.சி.) முடித்து வரும் வண்டிக்கு எலுமிச்சை நசுக்கிப் பூசணி உடைக்கிறார்கள். திண்டிவனத்துக்கு வடக்கே மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை அணிந்த பக்தர்களோடு போகும் பேருந்துகளிலும், அமாவாசைதோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு விடப்படும் சிறப்புப் பேருந்துகளிலும் முகப்பில் வேப்பிலை கட்டுவது வழக்கம். வேப்பிலையால் தீங்கில்லை, காற்று இடையில் நுழைந்துகொள்ளும். ஜாலி முழுவதையும் மூடிக் கட்டும் துணி பேனர்தான் எஞ்சினுக்கு ஆபத்து. அனுபவப்பட்ட ஓட்டுநர்கள் பேனரைக் கண்ணாடிக்கு மேலேயோ பம்பருக்குக் கீழேயோ கட்டச் சொல்வார்கள்.

சாலையில் வீடு போல வாழ்வதற்கான வண்டிகளுக்கும் இதே பட்டறை முறைதான் கைகொடுத்தது. 1982-இல் நடிகர் என்.டி. ராமாராவ் ஆந்திரம் முழுவதும் பிரசாரம் செய்த சைதன்ய ரதம், 1940-ஆம் ஆண்டு மாடல் செவர்லே வண்டியை மாற்றிக் கட்டியது. அவர் அதில் பயணம் செய்தார், அதன் மேலேறிப் பேசினார். அதைச் செய்த கம்பெனி இந்தியாவை விட்டுப் போய் 28 ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்த வண்டியை மாநிலம் முழுக்க ஓட்ட முடிந்தது என்பது அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளுக்கும் டிங்கர்களுக்கும் கிடைத்த சான்றிதழ். சினிமா நடிகர்களுக்கான கேரவன்கள் பின்னால் வந்தவை. அவையும் வேறு வண்டியின் சேசிஸில் கட்டிய கூண்டுகள்தான்.

2001-இல் வோல்வோ பேருந்து இந்தியாவுக்கு வந்தது. அதன் எஞ்சின் பின்னால் இருந்தது, ஆகவே முன்னால் பெரிய ஜாலி வேண்டியதில்லை. வழவழப்பான முகம், அகன்ற ஒற்றைக் கண்ணாடி. ஆம்னி பேருந்து முதலாளிகள் அதே தோற்றத்தைக் கேட்டார்கள். கூண்டு கட்டும் ஊர்கள் ஃபைபரில் அச்சு எடுத்து அதே போன்ற முகத்தைச் செய்தன. ஆனால் அந்த முகத்துக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் முன் எஞ்சின் சேசிஸ். காற்றுக்கான வாசலைப் பம்பருக்குள் மறைத்துவைக்க வேண்டியிருந்தது. அதைப் போதிய அகலத்தில் வைக்காத வண்டிகள் கோடையில் கொதித்தன. வடிவத்தை நகலெடுத்தவர்கள் அந்த வடிவத்துக்கான காரணத்தைச் சேர்த்து எடுக்கவில்லை. ஃபைபர் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. உடைந்தால் தட்டி நிமிர்த்த முடியாது, கண்ணாடி இழைப் பாய் வைத்து ரெசின் பூச வேண்டும். சுத்தியலும் டாலியும் பிடித்த கைக்கு அங்கே வேலை குறைந்தது.

விதிகளும் இறுகின. பேருந்துக் கூண்டுக்கான ஏ.ஐ.எஸ். 052 என்ற விதித் தொகுப்பு, கூண்டின் அளவு, வலிமை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனைகள் வரை வரையறுத்தது. அங்கீகாரம் பெறாத சிறு பட்டறை புதிய கூண்டு கட்ட முடியாமல் போனது. பிரேக் இன்ஸ்பெக்டர் என்று மக்கள் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரின் பார்வையில் முன்புறம் முக்கியமானது. ஹெட்லைட் ஆடினாலோ தகட்டின் விளிம்பு வெளியே நீட்டினாலோ சான்று கிடைப்பது கடினம். ஷோவைக் காக்க முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிகளுக்கு எதிராக 2017 டிசம்பரில் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. மோதும்போது பாதசாரியின் உடலில் அவை ஏற்படுத்தும் காயத்தைப் பார்த்தவர்கள் இந்தத் தடையை மறுக்க மாட்டார்கள். வண்டியின் முகத்தைக் காப்பதற்காக மனித உயிரைப் பணயம் வைக்க முடியாது.

நான்கு வழிச் சாலை வந்தபின் தூரப் பேருந்துகள் திண்டிவனத்துக்குள்ளும் விழுப்புரத்துக்குள்ளும் நுழையாமலே புறவழியில் போகின்றன. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டினால் அடுத்த நிறுத்தம் உணவக வளாகம்தான். ஊருக்குள் பழைய சாலையோரப் பட்டறைகளுக்கு இன்று நகரப் பேருந்துகள், மினி பஸ்கள், கரும்பும் நெல்லும் ஏற்றும் லாரிகள், பள்ளி வேன்கள்.

2021-இல் வந்த பழங்கால வாகன விதிகள் 50 ஆண்டு கடந்து, அசல் வடிவிலேயே காக்கப்படும் இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்குத் தனிப் பதிவு தருகின்றன. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பெயரிலுள்ள கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பழைய கார்களுக்குப் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. பழைய பேருந்துக்கு அப்படி ஓர் இடம் இல்லை. அதன் அசல் வடிவம் எது என்று கேட்டால் பதில் சொல்லக் கம்பெனியின் வரைபடமும் கிடையாது. கரூரிலோ விழுப்புரத்திலோ ஒரு மேஸ்திரி அட்டையில் வெட்டிய வடிவம்தான் அசல். அந்த அட்டைகளைச் சேகரிப்பதும், வேலை செய்தவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் அளவுகளையும் முறைகளையும் கேட்டு எழுதுவதும் பொறியியல் கல்லூரிகளும் போக்குவரத்துக் கழகங்களும் செய்யக்கூடிய வேலை.

அரசு வாகனங்களுக்கு 15 ஆண்டு முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வயதான பேருந்துகள் ஷோவோடு சேர்ந்து பழைய இரும்பாகப் போகத் தொடங்கின. வயது முடியாத ஆனால் கூண்டு தளர்ந்த பேருந்துகளுக்குத் தமிழ்நாடு அரசு வேறு வழி எடுத்தது. சேசிஸையும் எஞ்சினையும் வைத்துக்கொண்டு கூண்டை மட்டும் புதிதாகக் கட்டி மஞ்சள் வண்ணம் பூசினார்கள். இப்படிப் புதுப்பித்த முதல் 100 பேருந்துகள் 2023 ஆகஸ்டில் சாலைக்கு வந்தன. பழைய ரேடியேட்டருக்கு முன்னால் புதிய ஷோ பொருத்தும் வேலை அந்த வண்டிகள் ஒவ்வொன்றிலும் நடந்தது.